வடக்கே ஒன்றுமில்லை

அந்தமான் போய் வந்ததிலிருந்து எங்கள் வீட்டு டி.வி.யில் சீரியல் ஓடவில்லை, கடல்தான் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் ராஜாராமனுக்கு ஆள் கிடைத்தால் போதும், உட்கார வைத்து எடுத்த படத்தையெல்லாம் போட்டுவிடுவார். வந்த மூன்றாம் நாள் மேல்மாடி பிரபா மாட்டிக்கொண்டாள். அவர்களும் அடுத்த மாதம் எல்.டி.சி.யில் அந்தமான் போகிறார்களாம். டெல்லியில் எங்கள் கிட்வாய் நகரில் பாதிப் பேர் அப்படித்தான். சொந்த ஊருக்குப் போகச் சர்க்கார் கொடுக்கும் சலுகையை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளலாம், விமானத்திலேயே போகலாம் என்றால் யார் விடுவார்கள்?

நானும் மாற்றச் சம்மதித்தேன். இந்த வருஷம் மன்னார்குடிக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டிய முறை. அம்மாவே வேண்டாம் என்றுவிட்டாள். "என்னைப் பாக்காட்டி என்னடி, அவனைப் போயிப் பாரு" என்றாள். அவன் என்றால் என் அண்ணன் மதியழகன். ராஞ்சிக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று அப்பா வாசலோடு அனுப்பினார். இருபது வருஷமாக அந்தமானில் வடக்கே மாயாபந்தரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். எங்கள் நம்பர் என்றால் போனை எடுக்கமாட்டான். அப்பா செத்ததற்கும் எடுக்கவில்லை. நேரில் போய் நின்றால்தான் உண்டு. இவரிடம் சொன்னேன். "அச்சா, போலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பெட்டி கட்டினேன்.

தெற்கு அந்தமானில் ஜெயிலைப் பார்த்தோம். ஹேவ்லாக்கில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். நீல் தீவில் இளநீர் குடித்தோம். எல்லாம் அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இவருடைய ஆபீஸ் சந்திரமௌலி குடும்பமும் கூடவே வந்தது. பிறகு, காட்டு வழியே வண்டிகள் வரிசைகட்டிப் போய்ப் பாராடாங். அங்கே சுண்ணாம்புக் குகை பார்க்கப் படகு ஏறும் துறையில், மாயாபந்தர் என்று போர்டு போட்ட பஸ் எங்கள் பக்கத்திலேயே நின்றது. கைநீட்டினால் தொட்டுவிடலாம். ஏறினால் சாயங்காலத்துக்குள் நடுத் தீவின் வடக்கு முனையில் அண்ணன் கடை. நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பஸ்ஸைக் காட்டினேன்.

"வந்த எடத்துல எதுக்கு ஒங்க வீட்டுக் கதை? சந்திரமௌலி நிக்கிறார்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். திட்டினால்கூடப் பரவாயில்லை. பஸ் புறப்பட்டது. நான் படகில் ஏறி லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டேன். பாவி மனுஷன், அதில் நான் சிரிக்கிற மாதிரி போட்டோ வேறு எடுத்தார்.

அன்றைக்கு ஹாலில் பிரபா, வடக்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டாள். அங்கே ஒன்றுமில்லை, வெறும் டைம் வேஸ்ட் என்றார் இவர். கொண்டுவந்த காபி டம்ளரை அவள் முன்னால் வைத்தேன். அதே நேரம் அடுப்பங்கரையில் போன் அடித்தது.

"பாத்தியாடி அவனை?" என்றாள் அம்மா.

ஊர் திரும்பி இரண்டு நாளாக, சிக்னல் இல்லை, உடம்பு சரியில்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது. பார்த்தேன் என்றேன். தலை நரைத்துவிட்டது, ஆனால் நன்றாக இருக்கிறான் என்றேன். பெண்டாட்டி மீன் குழம்பு வைத்துப் போட்டாள் என்று அதையும் சேர்த்தேன். அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போட்டோ அனுப்பச் சொன்னாள்.

போனில் எங்கள் மூஞ்சியும் கடலும்தான் இருந்தன. தேடித்தேடி ஒன்றை எடுத்தேன். பாராடாங்கில் நான் எடுத்தது. படகோட்டி முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு அவிழ்க்கிறான். பேர்கூடத் தெரியாது. 'வெட்கப்பட்டுத் திரும்பிக்கிட்டான்' என்று எழுதி அனுப்பினேன்.

அம்மா உடனே கூப்பிட்டாள்.

"முதுகு அப்படியே ஒங்கப்பா. கொஞ்சம் கூன் விழுந்துருக்கு, பாவம். பெருசாப் போட்டு அனுப்புடி. கட்டிலுக்கு எதுத்தாப்புல மாட்டிக்கிறேன்."

மறுநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி வேறு இல்லையா மேடம் என்று இந்தியில் கேட்டார். இதுவே போதும் பையா என்று நானும் இந்தியிலேயே சொன்னேன். மெஷினின் வாயிலிருந்து முதலில் மாங்குரோவ் வேர்கள் வந்தன, பிறகு கயிறு, பிறகு வியர்வையில் நனைந்த சட்டையோடு யாரோ ஒருவனின் முதுகு.