நேசமலருக்கு வந்த கார்

அக்கராயன் மூன்றாம் வாய்க்கால் பிள்ளையாரின் மெய்யடியார்களுக்கும், அயற்கிராமப் பெருங்குடி மக்களுக்கும், மதிலில் குந்தியிருக்கும் இளைஞர்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: சுவிற்சர்லாந்து தேசத்தில் வதியும் தில்லைநாதன் அனோஜன், தன்னைப் பெற்ற தாயாரின் போக்குவரத்தின் பொருட்டு கார் ஒன்றைக் கொள்வனவு செய்யச் சித்தம் கொண்டுள்ளார்.

அன்னதானத்துக்கு வரிசையில் நின்ற நூற்றைம்பது பேரின் பசியை நிறுத்திவைத்துவிட்டுத்தான் ஒலிவாங்கியில் இது அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அனோஜனின் தகப்பன் தில்லைநாதன், ஊர் விவசாயிகள் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் முன்னாள் தலைவர். தலைவர் பதவி போய் ஆறு வருடமாகிறது. ஒலிவாங்கிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

"அண்ணை, சோறு ஆறுது" என்றான் குகதாசன், வரிசையின் நடுவிலிருந்து. தார் வீதிச் சந்தியில் வீடு, கொட்டிலில் லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம், ஊரில் எந்த இயந்திரம் நின்றாலும் அவனுக்குத்தான் அழைப்பு. "கார் வரட்டும். முதல் கறி வரட்டும்."

தில்லைநாதனின் மனைவி நேசமலர் ஓரமாகக் கதிரையில் இருந்தாள். அவளுக்கு அந்தச் சோறு இல்லை. உப்பு ஆகாது, தண்ணீரும் அளந்துதான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின், செவ்வாயும் வெள்ளியும் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்தால்தான் அடுத்த நாலு நாள்.

போவது பிரச்சினையில்லை. வருவதுதான். இரத்தம் கழுவி முடிய அவள் பிழிந்துபோட்ட சீலை மாதிரி ஆகிவிடுவாள். பஸ் வரும்வரை நிலையத்து மரவாங்கில் கணவனின் மடியில் தலைவைத்துக் கிடப்பாள். அந்த நேரங்களில் தில்லைநாதன் தலைவராக இருப்பதில்லை. அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருப்பார்.

"ஒரு வான் எண்டால் பின்னுக்குச் சரிஞ்சு கொண்டு வரலாம்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவள் கேட்டது அவ்வளவுதான், படுத்துக்கொண்டு வீடு வர ஓர் இடம்.

இது தொலைபேசி வழியாக சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது காராக மாறியிருந்தது. அனோஜன் போய் ஒன்பது வருடம். விசா வழக்கு இழுபடுகிறது, உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். பதினெட்டு வயதில் அவனுக்கு ஒரு காரில் பைத்தியம் இருந்தது. பக்கத்துக்கு ஒரு கதவு மட்டும் உள்ள, முதுகில் செட்டை வைத்த, வெட்டுக்கிளி மாதிரிச் சின்னக் கார். வருடக்கணக்கில் இறக்குமதியை நிறுத்திவைத்ததில் பழைய தகரமும் பவுண் விலை விற்றது. அவன் சேர்த்த காசுக்கு ஒரு நல்ல ஓட்டோ வாங்கி, மிச்சத்தில் கூரையும் திருத்தலாம். ஆனால் இணையத்தில் அதே கார், அதே சிவப்பு, கடற்கரையோரத்து நாயாற்றில் விற்பனைக்கு நின்றது. பதினாறு வயதுக் கார். அனோஜனுக்கும் திடீரென்று பதினெட்டு வயதானது.

தில்லைநாதன் வெள்ளை வேட்டியோடு குகதாசனையும் கூட்டிக்கொண்டு நாயாற்றுக்குப் போனார். கார் வலைக்குவியலுக்குப் பக்கத்தில் தறப்பாளின் கீழ் நின்றது. உரிமையாளன் யூட்சன், கடற்றொழில் செய்பவன், முப்பது வயதிருக்கும். படகுக்குப் புது எஞ்சின் வேண்டும் என்பதால் விற்கிறான்.

"ஆர் ஓடப்போகினம், ஐயா?"

"நான்தான். உழவு மெசின் ஓடின லைசன்ஸ் இருக்கு. என்ர மனிசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும், கிழமைக்கு இரண்டு தரம்."

யூட்சன் காரைப் பார்த்தான். வேட்டியைப் பார்த்தான்.

"குறை நினையாதேங்கோ ஐயா. இது பொடியள் ஓடுற சாமான். ஸ்பிறிங்கை வெட்டிப் பதிச்சு வச்சிருக்கிறன். ஒரு சின்னக் கல்லில ஏறினாலும் முள்ளந்தண்டு சொல்லும். வருத்தக்காரருக்கு எண்டால் எடுக்காதேங்கோ."

"அண்ணை, விக்கிறவனே வேண்டாமெண்டுறான்" என்றான் குகதாசன். "இப்பிடி ஒரு யாவாரியை இனிக் காணமாட்டம். ஒரு கும்பிடு போட்டிட்டு வெளிக்கிடுவம்."

தில்லைநாதனுக்கும் விளங்கியது. அவர் வீம்பர்தான், மூடரல்ல. "ஓம், சரிவராது" என்று சொல்ல வாயெடுத்த நேரம் தொலைபேசி அடித்தது. திரையில் அனோஜன், உணவகத்து ஏப்ரனோடு.

"அப்பா, போனைச் சைலன்சருக்குக் கிட்டப் பிடியுங்கோ! அண்ணை, ஒருக்கா றேஸ் பண்ணுங்கோ!"

முன்னாள் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி, காரின் பின்புறத்துக்குக் குனிந்து, செம்பு போகக்கூடிய அந்தக் குழாய்க்கு நேரே தொலைபேசியை நீட்டினார். யூட்சன் மனமில்லாமல் மிதித்தான். சத்தத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தூஷணத்தால் ஏசினாள். புகையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால், அனோஜன் சிரித்துக்கொண்டிருந்தான். பல் முழுதும் தெரிய. ஒன்பது வருடத்தில் தில்லைநாதன் அந்தப் பல்லைக் கண்டதில்லை.

"இதுதான் அப்பா! அம்மாவை இதில கொண்டு போங்கோ. நான் வந்தோடன நான் ஓடுவன்."

குளத்துத் துருசுக் கதவு ஒழுகுவதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசக்கூடிய மனிதருக்கு ஸ்பிறிங்கைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

"நல்ல கார், தம்பி" என்றார்.

கார் ஊருக்கு வந்தது. வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் வாய்க்கால் வீதியின் முதலாவது மதகில் வயிறு தட்டி நின்றுவிட்டது. தள்ளிப் பின்னெடுத்து, சந்தியில் குகதாசனின் கொட்டிலுக்குள் விட்டார்கள். லாண்ட்மாஸ்ரர் வெளியே மழையில் நின்றது.

அதன்பின் ஆஸ்பத்திரிப் பயணம் இப்படி அமைந்தது: குகதாசன் லாண்ட்மாஸ்ரரில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவான். பெட்டிக்குள் கதிரையைக் கட்டி நேசமலரை இருத்துவார்கள். முக்கால் கிலோமீற்றர் குலுங்கிப் போய்ச் சந்தியில் இறங்கி, ஸ்போர்ட்ஸ் காரில் ஏறுவாள்.

ஏறுவது என்பது பேச்சுக்கு. அது விழுவது. கிண்ணம் மாதிரி இருக்கை, முழங்கால் நெஞ்சுக்கு வரும், சாய்வு சரியாது. இறங்க இரண்டு பேர் வேண்டும். கதவு இருப்பது இடப்பக்கம். ஊசி ஏற்றுவது இடக்கையில், அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஆகவே தில்லைநாதன் சாரதிப் பக்கத்திலிருந்து முதுகைத் தள்ள, வெளியே நிற்பவர் அவளுடைய வலக்கையைக் குறுக்கே எட்டிப் பிடித்து உருட்டி எடுப்பார். ஆஸ்பத்திரி வாசலில் இதைப் பார்க்கச் சனம் நிற்கும்.

முதல் நாள் அவள் காருக்குள் இருந்தபோதே அனோஜன் வீடியோவில் வந்தான்.

"எப்பிடியம்மா? நோகேல்லையே?"

"தொட்டில் மாதிரிக் கிடக்கு, ராசா. நித்திரையே வந்திட்டுது."

அதற்குமேல் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"வித்துப்போட்டு ஒரு பழைய வான் எடுப்பமே?" என்று தில்லைநாதன் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை கோப்பை கழுவின காசு. அவன்ர கார். கிடக்கட்டும்."

"அப்ப பஸ்ஸிலயாவது போவம்."

"அவன் கோல் எடுத்தால் பஸ் சத்தம் கேக்கும்."

குகதாசன் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "அக்கா, நம்பரைத் தாங்கோ. நான் அவனுக்கு நல்ல தமிழில விளங்கப்படுத்துறன்."

"சொன்னியெண்டால் உன்ர பெட்டியில இனி நான் ஏறன்."

"ஏறாட்டிக் காருக்கு எப்பிடிப் போவியள்? பல்லக்கிலயோ?"

அவள் சிரித்தாள். சிரித்தால் இடுப்பு நோகும், ஆனாலும் சிரித்தாள்.

தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, "இண்டைக்கு ஏலாது" என்றாள். உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறதாம், செவ்வாய் போகலாமாம். தில்லைநாதன் கெஞ்சினார், அதட்டினார். அவள் அசையவில்லை. ஆனால் அனோஜனுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு படம் போகவேண்டும். ஆகவே பத்து மணிக்கு லாண்ட்மாஸ்ரர் வந்தது. நேசமலர் புதுச்சேலை உடுத்து, பெட்டியில் குலுங்கிச் சந்திக்குப் போய், காருக்குள் விழுந்து, சிரித்து, படம் எடுத்து, உருண்டு இறங்கி, திரும்பவும் குலுங்கி வீடு வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போட்டு வந்திட்டம், ராசா." சுவிசிலிருந்து இதயம் இதயமாக வந்தது.

செவ்வாயில் போனாள். அடுத்த வெள்ளியும் படம் மட்டும்தான் போனது. அதற்கடுத்த வெள்ளியும்.

மூன்றாவது வெள்ளி கழிந்த ஞாயிறு அவளுக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் மதகைத் தாண்டி வாசல்வரைக்கும் வந்தது. அதற்குள் நீளப் படுக்க இடம் இருந்தது. தில்லைநாதன் பக்கத்தில் இருந்து செருப்பைப் பிடித்துக்கொண்டு போனார். திங்கள் விடிய அவள் இல்லை.

அனோஜனால் வர முடியவில்லை. வழக்கு முடியாமல் வெளியேறினால் திரும்பிப் போக முடியாது. சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் ஒரு கதிரையை வைத்து அதில் தொலைபேசியைச் சாத்திவிட்டிருந்தார்கள்.  பெட்டியை மூடப்போகிற நேரத்தில் அவன் தகப்பனைக் கூப்பிட்டான்.

"அப்பா, அம்மாவுக்கு அந்தக் கார் வசதியாத்தானே இருந்தது?"

குகதாசன் நிலத்தைப் பார்த்தான்.

"ஓம் தம்பி" என்றார் தில்லைநாதன். "அம்மாவுக்கு அதில நல்ல விருப்பம்."

அந்தக் காரில் அவளுக்கு நொந்தது.