மூன்றில் வைத்த காற்று

திரைச்சீலை தைக்கும் அந்தக் கடையில் டீ வேளை வந்துவிட்டால் வேலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. யார் போட்ட சட்டமோ, மூன்று பெண்களும் அதைக் கட்டிக் காத்து வந்தார்கள். துணி வெட்டும் கட்டிங் அக்கா கத்தரியை மூடி வைப்பாள். இஸ்திரி என்றே எல்லோரும் கூப்பிடும் வாயாடி, தன் பெட்டியை நிமிர்த்தி வைப்பாள். தையல் மிஷினிலிருந்து மூன்றாமவள் எழுந்து வந்து, வெட்டு மேசையின் மேல் ஏறிக் கால்களைத் தொங்கப்போட்டு உட்காருவாள். அவளுக்குக் கடல்காரி என்று பெயர். கடலோரத்தில் பிறந்தவளும் இல்லை, மீன் விற்றவளும் இல்லை. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை குடும்பத்தோடு கடலுக்குப் போய்வந்தவள். அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கடையையே நனைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே விட்டே நேத்து?" என்பாள் இஸ்திரி.

"முதல்லேர்ந்து சொல்லட்டும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாங்க," என்று கட்டிங் அக்கா எடுத்துக் கொடுப்பாள்.

அம்மா ஜன்னலோரம். அப்பா மடியில் இவள். அண்ணன் பின்னால் நின்று, ரயிலோடு போட்டி போட்டுக்கொண்டு "கூ, கூ" என்று கூவிக்கொண்டே வந்தான். அடித்தது பாருங்கள் ஒரு காற்று! அம்மாவின் முடி அவிழ்ந்து பறந்தது. காற்றில் ஈரம், ஈரத்தில் உப்பு வாசனை. எப்போதும் படுத்தே கிடந்த அம்மா அன்று நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக்கூட மனசில்லாமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அம்மா போய்விட்டாள். இருமல், மருந்து, சாத்திய கதவு எல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தவை. கடல்காரி தன் கண்ணால் பார்த்துச் சேர்த்து வைத்தது அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான்.

"அப்புறம் கடல்?"

"கடல் வர்றதுக்குள்ள நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா வீட்ல இருக்கேன்."

எத்தனை தடவை கேட்டாலும் இந்த இடத்தில் இஸ்திரிக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். "கடலையே பாக்காத கடல்காரி! எங்கப்பா தேவலை. ரயிலை விட்டுடக் கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே எங்களை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போய், அங்கேயே குறட்டை விட்டு ரயிலை விட்டவர்." கட்டிங் அக்காவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை வீடு விட்டு வாடகை வீடு மாறியதைத் தவிர அவள் குடும்பம் எங்கும் போனதில்லை.

ஒரு நாள் முதலாளி கடைக்கு வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னார். ஒரு வாரம் லீவு! சொல்லி வாய் மூடவில்லை, இஸ்திரி மேசையைத் தட்டினாள். "கிளம்பறோம். அதே ரயில், அதே கடல். இந்தத் தடவை நீ கண்ணை மூடினே, கிள்ளி எழுப்புவேன்."

கட்டிங் அக்கா துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து மேசை மேலேயே ரயில் பாதையை வரைய ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் நெளிநெளியாகக் கடல். நடுவில் சாக்பீஸ் நின்றது. "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?"

கடல்காரி விழித்தாள். "அண்ணனைக் கேட்டுச் சொல்றேன் அக்கா."

அப்பாவுடைய ஃபேன் ரிப்பேர் கடையை இப்போது அண்ணன்தான் நடத்துகிறான். சாயங்காலம் அவள் போனபோது, மடியில் ஒரு ஃபேனைப் படுக்க வைத்து, அதன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நாம கடலுக்குப் போனோமே, எந்த ஸ்டேஷன்ல இறங்கினோம்?"

அண்ணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"நிஜமாத்தான் கேக்கறியா?"

"பின்னே?"

"அடிப் பாவி! நாம எங்கே போனோம்? வாசல்படியே தாண்டலையே."

அண்ணன் ஸ்டூலை நகர்த்தி அவளை உட்கார வைத்தான். "கடல் காத்து பட்டா அம்மாவுக்கு உடம்பு தேறும்னு டாக்டர் சொன்னார். தெரு முனை வரைக்கும் கூட நடக்க முடியாதவங்களை எங்கே கூட்டிட்டுப் போறது? அப்பா கடையில ரிப்பேருக்கு வந்திருந்த ஃபேனையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டார். நாற்காலியை வரிசையாப் போட்டார். போர்வையை உப்புத் தண்ணியில நனைச்சு ஃபேனுக்கு முன்னாடி தொங்கவிட்டார். ரயில் சத்தத்துக்கு ஆள் வேணுமே, என்னைக் கூவச் சொன்னார்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நம்ம வீட்ல எல்லாரும் அப்படித்தானே பேசுவோம். 'கடலுக்குப் போனப்போ நனைஞ்ச போர்வை'ன்னுதானே அப்பாவே கடைசி வரைக்கும் சொன்னார். நீயும் அந்த விளையாட்டைத்தான் விடாமப் பிடிச்சுட்டிருக்கேன்னு நினைச்சேன்."

அவளுக்குப் பயமாக இருந்தது. ரயில் போகட்டும், கடல் போகட்டும். கேட்காமல் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அப்போ அம்மா சிரிச்சாங்களே, அதுவும் இல்லையா?"

அண்ணன் மடியிலிருந்த ஃபேனைக் கீழே வைத்தான்.

"அது இல்லாம வேற என்ன இருந்தது அன்னிக்கு? அப்பா ஃபேனை முதல்ல ஒண்ணுலதான் வெச்சார், அம்மாவுக்குக் குளிருமோன்னு. அம்மா லேசாச் சிரிச்சாங்க. உடனே ரெண்டுல வெச்சார். சிரிப்பு ஜாஸ்தியாச்சு. மூணுல வெச்சதும் பாரு, போர்வைத் தண்ணியெல்லாம் எங்க மூஞ்சியில! அப்படி ஒரு சிரிப்பை அதுக்கு முன்னாடியும் நான் கேட்டதில்லை, பின்னாடியும் கேட்டதில்லை."

கடல்காரி அங்கேயே, ஃபேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். பாதி நிம்மதி, பாதி என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் டீ வேளையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது கால்களைத் தொங்கப்போட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். "இத்தனை நாள் உங்களை ஏமாத்திட்டேன். இனிமே கடல்காரின்னு கூப்பிடாதீங்க."

இஸ்திரி தன் டீயைக் கடல்காரி கையில் கொடுத்தாள். கட்டிங் அக்கா மேசையில் பாதியில் நின்ற கோட்டைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, அதைக் கடல் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

"எந்த ஸ்டேஷனா இருந்தா என்ன? கடல் வந்ததும் இறங்கிடுவோம்."

"அது சரி. ஆனா ஜன்னலோரம் யாருக்கு?" என்றாள் இஸ்திரி.

ஜன்னலோரம் கடல்காரிக்கே கிடைத்தது. ரயில் கிளம்பி வெகுநேரம் ஆயிற்று. வயல், வீடு, பாலம் எல்லாம் தூக்கத்தில் நகர்வது மாதிரி நகர்ந்தன. காற்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் வறண்ட காற்று, தூசி வாசனை. கடல் இன்னும் எங்கோ கிடந்தது. அவள் முகம் வாடிக்கொண்டே போயிற்று. இத்தனை தூரம் வந்தும் அம்மா பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

இஸ்திரி அதைக் கவனித்துக்கொண்டே வந்தாள். பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்தாள். கடையில் துணி மேல் தண்ணீர் தெளிக்க வைத்திருக்கும் அதே பாட்டில்.

"இதை எதுக்குடி தூக்கிட்டு வந்தே?" என்றாள் கட்டிங் அக்கா.

"உப்புப் போட்டுக் கலக்கியிருக்கேன் அக்கா. நீங்க கூவுங்க."

"பெட்டி நிறைய ஆளுங்க இருக்காங்க. மானம் போயிடும்!"

இஸ்திரி பாட்டிலை ஜன்னல் கம்பிக்கு நேரே பிடித்து அமுக்கினாள். காற்று அத்தனை தண்ணீரையும் திருப்பி அவர்கள் முகத்தில் அடித்தது. எதிர் சீட்டுப் பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். இஸ்திரி மறுபடி அமுக்கினாள். கட்டிங் அக்கா அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மானத்தைக் காற்றில் விட்டு, "கூ, கூ" என்று கூவினாள்.

கடல்காரியின் முடி அவிழ்ந்து முகமெல்லாம் விழுந்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. உதட்டில் உப்புக் கரித்தது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"இப்போ எப்படி இருக்கு?" என்றாள் இஸ்திரி.

"இன்னும் ஒண்ணுலதான்டி ஓடுது," என்றாள் கடல்காரி, கண்ணைத் துடைக்காமல். "மூணுல வைக்கச் சொல்லு."