சற்குணம் கட்டி

மலாக்கா பக்கத்துச் சின்ன ஊரான மெர்லிமாவில், கடை வரிசையில் இருந்த சற்குணம் பல் கிளினிக்குக்கு அந்த எக்ஸ்ரே மெஷின் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆள் நின்றபடி தாடையைச் சின்ன மேடை ஒன்றில் வைக்க வேண்டும். முன்னால் நீட்டியிருக்கும் குச்சியைக் கடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கைபோல வந்து தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு மெஷின் தலையைச் சுற்றி மெதுவாக ஒரு வலம் வரும். கோயிலில் நாம்தான் சுற்ற வேண்டும்; இங்கே மெஷினே நம்மைச் சுற்றுவதால் ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் தனி மரியாதை.

டாக்டர் சற்குணம் வெளிநாட்டில் படித்தவர். அதை அவர் சொல்லாத நாள், கிளினிக் மூடியிருக்கும் நாள். சரஸ்வதி பூஜையன்று உதவியாளர் நளினி, மெஷினுக்கு ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, இது விஞ்ஞானம், லோரி இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பக்கத்து மோட்டார் கடையில் காற்றடிக்கும் பம்புக்குக்கூடப் பொட்டு இருந்தது. தான் தினமும் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் மெஷின் மட்டும் வெறுமனே நிற்பது நளினிக்குப் பொறுக்கவில்லை. தாடை மேடையில், யார் கண்ணிலும் படாத பள்ளமாகப் பார்த்துச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் கோயில் செந்தூரத்தைத் தாராளமாக வைத்தாள். மேலே வழக்கமான பிளாஸ்டிக் உறையை மாட்டினாள். அதன் பிறகு உறையைத்தான் மாற்றினாள், மேடையையும் துடைத்தாள். அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டாள். வைத்த பொட்டைத் தன் கையாலேயே அழிக்கிறவள் உண்டா?

அடுத்த வாரம் கடைவாய்ப் பல் வலி என்று அங்கமுத்து வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், நளினி குடியிருக்கும் அதே செம்பனைத் தோட்டத்து ஆள். படத்தில் அவருடைய கீழ்த்தாடை நடுவில் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைக் கட்டி தெரிந்தது. அதே வாரம் ஒரு டீச்சருக்கு, ஒரு மீன்காரருக்கு, பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு, அவளுடைய அம்மாவுக்கு என்று வரிசையாக அதே கட்டி.

வேறு யாராவது மெஷினைச் சந்தேகித்திருப்பார்கள். டாக்டர் ஊரைச் சந்தேகித்தார். வந்தவர்களிடம் எல்லாம் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள், செம்பனைக்கு என்ன மருந்தடிக்கிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். உலகம் இதுவரை காணாத நோய் மெர்லிமாவில் கிளம்பியிருக்கிறது என்றும், அதைக் கண்டுபிடிக்கத்தான் கடவுள் தன்னை இந்தச் சின்ன ஊரில் உட்கார வைத்திருக்கிறார் என்றும் அவருக்குப் பட்டது. மாதக் கடைசியில் மலாக்காவில் பல் டாக்டர்களின் விருந்து. அங்கே காட்டுவதற்குக் கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கி, ‘சற்குணம் கட்டி’ என்று தலைப்பும் போட்டுவிட்டார். குறை ஒன்றுதான். கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பாட்டிலில் போட்டுக் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு அங்கமுத்துவைத் தேர்ந்தெடுத்தார். எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாத மனிதர். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாடையைத் திறப்பது என்று முடிவாயிற்று.

அங்கமுத்து சோற்றைக் குறைத்தார், லோரியை நிறுத்தினார். வியாழக்கிழமை நளினி வேலை முடிந்து போகும்போது வழியில் அவள் பக்கத்தில் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“கட்டி வலிக்கவே இல்லலா நளினிம்மா. அதான் பயமா இருக்கு. போன வாரம் வரைக்கும் வெறும் பல்லு வலிதான் இருந்துச்சு. இந்த மெஷின்ல போய் நின்னேன், கட்டி வந்துருச்சு.”

“பயப்படாதீங்க மாமா,” என்றாள். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது அவளை விடவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் சாப்பிடப் போனதும் ஐந்து பேர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கமுத்துவின் அகன்ற தாடைக்கும் பத்து வயதுப் பெண்ணின் தாடைக்கும் கட்டி மட்டும் ஒரே அளவு, ஒரே இடம். அலமாரியில் அவளே ஊற்றிக் காயவைத்த பிளாஸ்டர் பல் அச்சுகள் இருந்தன. மேலும் கீழுமாக ஒரு ஜோடியை எடுத்து ரப்பர் பேண்டால் கட்டி, தாடை மேடையில் வைத்தாள். பெயர் கேட்ட இடத்தில் வேலாயி என்று அடித்தாள். மெஷின் அதையும் மரியாதையாக வலம் வந்தது.

பிளாஸ்டருக்கும் கட்டி இருந்தது.

உறையைக் கழற்றினாள். பள்ளத்தில் செந்தூரம் சிவப்பாகச் சிரித்தது. அதில் எக்ஸ்ரேயை மறிக்கும் ஈயமோ என்ன இழவோ கலந்திருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மாமாவின் தாடை போகும். டாக்டரிடம் எதிர்த்துப் பேசும் பழக்கமும் அவளுக்கு இல்லை. படத்தைத் திரையில் போட்டுவிட்டு ஓரமாக நின்றாள்.

டாக்டர் வந்தார். இப்போதெல்லாம் அவர் பல்லைப் பார்ப்பதில்லை. நேராக நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் கட்டியைத்தான் பார்ப்பார்.

“ஓம், இதுவும் அதுதான். கொஞ்சம் முத்தினது. நாளைக்கு அங்கமுத்துவுக்குப் பிறகு இவவையும் வரச் சொல்லும் பிள்ளை. ஆர் இந்த வேலாயி, எத்தனை வயசு?”

நளினி பிளாஸ்டர் அச்சை மேசைமேல் வைத்தாள். “இவங்கதான் டாக்டர். புதன்கிழமை ஊத்துனது.”

டாக்டர் படத்தைச் சின்னதாக்கினார். நோயாளிக்குக் கழுத்தெலும்பு இல்லை, மூக்கு இல்லை, தாடை மூட்டும் இல்லை என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. நளினி தரையைப் பார்த்தபடி பொட்டு விவரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் எழுந்துபோய்ப் பள்ளத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மூன்று தடவை கை கழுவினார்.

நாளைக்கு வராதே என்ற சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். ஆனால் அவளை அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் வேலாயியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் படிப்பில் அதற்குப் பாடம் இல்லை போலும்.

“மேடையை நல்லாத் துடைக்க வேணும்,” என்றார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அங்கமுத்து குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெட்டுக்குத் தயாராக வந்தார். மறுபடி எடுத்த படத்தில் கட்டியைக் காணோம். மருந்து கரைத்துவிட்டது என்றார் டாக்டர். அவர் கொடுத்திருந்தது பல்வலி மாத்திரை. மற்ற நாலு பேரும் போனிலேயே குணமானார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கமுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் கோயில் தட்டோடும் வந்து நின்றார்.

“டாக்டர் ஐயா கைராசிக்காரருலா. ஆனா மெஷினும் நல்ல மெஷின். அதுக்கு ஒரு பொட்டு வச்சிட்டுப் போயிடுறேன்.”

செந்தூரம் தொட்ட விரலோடு அவர் தாடை மேடையை நோக்கி நடந்தார். எந்த நோயாளிக்காகவும் நாற்காலியை விட்டு எழாத டாக்டர் பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றார். நீட்டிய விரல் அவர் நெற்றியில் போய் முட்டியது. தனக்கே வைக்கச் சொல்கிறார் என்று நினைத்த அங்கமுத்து, அழுத்தி வட்டமாக வைத்துவிட்டார்.

டாக்டருக்குப் பக்தி வந்துவிட்டது என்று அன்றைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நளினி உறையைக் கழற்றி, பள்ளத்தை இன்னொரு தடவை துடைத்தாள்.