செல்வதாஸ் வெள்ளம் மாற்றிய கதை

1

இது என் கதையல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்கலையில் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் செல்வதாஸ், காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னது. "வேணுமெண்ணா எழுதும். என்னெ நல்லவனாட்டு எழுதாண்டாம்" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கண்ணாடிக்குள் நான்கு தேவதைகள் நீந்திக்கொண்டிருந்த

வேண்டாம். ஏஞ்சல் மீன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கதை தேவாலயத்தில்தான் போய் நிற்கும். இது ஒரு மீன்தொட்டியைப் பற்றியது.

2

செல்வதாஸ் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி குளோரி, மகள் ஷைஜாவின் பிரசவத்துக்காக மஸ்கட் போனாள். போகும்போது தன் நான்கு ஏஞ்சல் மீன்களையும் அவரிடம் ஒப்படைத்தாள். தீனி இரண்டு விரலால் எடுக்கிற ஒரு நுள்ளு போதும். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி வெள்ளம் மட்டும் மாற்ற வேண்டும். (எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றே பெயர்.) அவர் 'ம்' கொட்டினார். காதில் எதுவும் ஏறவில்லை.

சில வாரங்களில் கண்ணாடியில் பாசி படிந்தது. பஸ்ஸைக் கழுவிப் பழகிய கை சும்மா இருக்குமா? மீன்களை ஒரு வாளியில் பிடித்து விட்டார். தொட்டியை ஒட்டக் காலியாக்கி, கல்லையும் பில்டர் பஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய் வெள்ளத்தை நிறைத்து, மீன்களைத் திரும்ப விட்டார். தொட்டி பளபளத்தது. மறுநாள் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து தவித்தன. சாயங்காலத்துக்குள் இரண்டு செத்தன.

3

இந்த இடத்தில் கதையை நான் இப்படித் திருப்பப் பார்த்தேன்: அவர் அதே நிறத்தில் இரண்டு மீன் வாங்கி விட்டுவிடுகிறார், குளோரிக்குத் தெரியாமல். நிஜத்தில் அவரும் அதற்காகத்தான் வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். ஆனால் கடைக்கார சஜின் கொடுக்கவில்லை.

"இப்ப எதையும் விடாதீங்க மாமா. கல்லுலயும் பஞ்சுலயும் கழிவத் திங்குத நல்ல கிருமி உண்டும். அதக் கழுவிக் களைஞ்சாச்சு. மீனுக்க கழிவே மீனுக்கு வெஷமாயிட்டு. வெள்ளம் சரியாவட்டு."

வெறுங்கையோடு திரும்பினார். (வரும் வழியில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் நெனைக்கல்ல. பயமாட்டு இருந்து" என்றார். என் மனதிலிருந்த செல்வதாஸ் பயப்படுகிறவர் அல்ல. அவரைக் கோடுபோட்டு அடித்துவிட்டு இவரை வைத்துக்கொண்டேன்.)

4

வீடியோ காலில் குளோரி பேத்தியைக் காட்டினாள். பிறகு, "மீனக் காட்டுங்க பாப்பம்" என்றாள்.

"ரெண்டு செத்துப் போச்சுட்டி. நாந்தான் கொன்னேன். முழு வெள்ளத்தயும் மாத்திட்டேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தார்.

"இஞ்சேருங்க, நானும் ஒருக்க இப்படிச் செஞ்சிருக்கேன். எல்லாம் செத்துச்சு. கடையில வேற மீனு வேண்டி விட்டேன்."

"எப்ப?"

"நீங்க சர்வீஸ்ல இருக்கம்ப. இப்ப உள்ளது அந்த மீனாக்கும். கண்டுபிடிச்சிருவியளோன்னு தீயத் தின்னுட்டு இருந்தேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

5

அன்றிலிருந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவளிடம் கேட்டுக் கேட்டு, முந்தின நாளே பிடித்து வைத்த வெள்ளத்தை விட்டு, தொட்டி வெள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். மிஞ்சிய இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பதை அப்போதுதான் கண்டார். ஒன்றுக்குக் கோடு மங்கல். மற்றது தீனி போட்டால் முதலில் மூலைக்குப் பின்வாங்கும்.

"ஏட்டி, மங்கலு இன்னைக்குத் தின்னுச்சு" என்று மஸ்கட்டுக்குச் செய்தி போயிற்று. மற்றது இன்னும் மூலையில்தான் நிற்கிறது.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் இரண்டும் பிழைத்து இலையில் முட்டையிடுகின்றன. அவருக்குப் பரிசு கொடுத்ததுபோல் இருந்தது. மற்றதில் மூலையில் நின்ற மீனும் செத்து மிதக்கிறது. அது தண்டனை. கொடுக்க நான் யார்? இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நாளைக் காலை குளோரி வருகிறாள். கேட்டில் டாக்சி நிற்கும்போது செல்வதாஸ் வாசலுக்கு ஓடுவாரா, தொட்டிப் பக்கத்திலேயே நிற்பாரா? உள்ளே வருகிறவள் முதலில் பார்ப்பது மீனையா, அவரையா? நான் மாடியில் இருப்பவன். எனக்கு டாக்சிக் கதவு அடைபடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.