நான் பார்க்கக் கூடாத படம்

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து பிறந்தது. ஒரு மாமனார் பார்க்கக் கூடாத படம். அதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததை மறைக்கத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ரிஷிவந்தியத்தில் ராணியம்மாள் என்றொரு பெண் இருந்தாள். அவளுக்கு நெஞ்சுப் பகுதியில் ஒரு நோய்..."

[நெஞ்சுப் பகுதி. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.]

மேசைமேல் கிடந்த தாளை என் மருமகள் படித்துவிட்டாள்.

"யாரு மாமா இந்த ராணியம்மா?"

"கதையில வர்ற பொம்பள."

"அவங்களுக்கா வலிச்சுது?"

ராணியம்மாள் என்ற பெயரைத் தாளில் அடித்துவிட்டேன். நோயாளி என் மருமகள் செந்தமிழ்ச்செல்வி. நோய், மார்பகப் புற்றுநோய். கச்சிராயபாளையத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர் இல்லை. ஆகவே இந்த இரண்டு சிறிய வாக்கியங்களை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

2

2020 டிசம்பர். அறுவை சிகிச்சை முடிந்து, இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் 'கரண்டு வைப்பது' என்று பெயர். மகன் வெங்கடேசன் கொரோனாவால் துபாயில் மாட்டிக்கொண்டிருந்தான். என் மனைவி பச்சையம்மாளுக்கு முட்டிவலி, பேருந்துப் படி ஏற முடியாது. புதுச்சேரியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

(குறிப்பு: எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் எதிரில் உட்காருவதில்லை. பேருந்தில் வேறு வழியில்லாததால் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறுக்கமான ரவிக்கை, இழுத்துப் போர்த்திய முந்தானை, அதன்மேல் ஊக்கு. அதை அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.)

"தோல் சிவந்தா சொல்லுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் கறுப்பில் சிவப்பு எங்கே தெரியும்? நான் தினமும் பொதுவாக, "எப்படிம்மா இருக்குது?" என்பேன். "ஒண்ணும் இல்ல மாமா" என்பாள்.

அங்கே சுபஸ்ரீ என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். திருக்கோவிலூர்ப் பெண். கதிர் பட்ட தோலைப் படமெடுத்து ஆராய்பவள்; செல்வியையும் எடுக்கலாமா என்று கேட்டாள்.

"ஊசி கிடையாது, தொடறதும் கிடையாதுங்க. தோலோட சூட்டையும் உள்ள ஓடற ரத்தத்தையும் கேமரா பாத்துக்கும். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எங்க புண்ணாவும்னு தெரிஞ்சிடும்."

3

[இந்த இடத்தில், விவரம் தெரிந்தவனாகிய நான் உடனே சம்மதித்தேன் என்று ஒரு பத்தி இருந்தது. நல்ல நடை. எடுத்துவிட்டேன்.]

"எங்க வூட்டுப் பொண்ண படம் புடிக்கறதா? அதெல்லாம் வாணாம்" என்றேன்.

"கையெழுத்து அக்காதான் போடணும். நீங்க இல்லீங்க."

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். போடவில்லை.

பதினேழாம் நாள், ஆஸ்பத்திரி நடையில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுகோடியில் அவளாகவே வந்து உட்கார்ந்தாள்.

"அத்த வந்திருந்தா சொல்லியிருப்பன் மாமா. எங்க எரியுதுன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்றது? அந்தப் படம் சொல்லட்டும்."

என்ன பதில் சொன்னேன் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய். எழுந்து போய், சுபஸ்ரீயிடம் அந்தத் தாளையும் பேனாவையும் வாங்கிவந்து செல்வியிடம் கொடுத்தேன்.

4

படம் எடுத்து முடிந்ததும், "மாமாவும் பாக்கட்டும்" என்று செல்விதான் கூப்பிட்டாள். உள்ளே போய்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதுல உடம்பு தெரியாதுங்க ஐயா, சும்மா பாருங்க" என்றாள் சுபஸ்ரீ.

உண்மைதான். நீலம், பச்சை, அங்கங்கே மஞ்சள். அடியில் மட்டும் வரப்புப் போட்டதுபோல் ஒரு சிவப்புக் கோடு.

"கரண்டு எல்லா இடத்துலயும் பட்டிருக்குது. இந்தக் கோட்டுல மட்டும் ஏன்க்கா இவ்ளோ சூடு? ரவிக்க இறுக்கமா போட்டுக்கினு வர்றீங்களா? லூசா பருத்தியில போடச் சொன்னாங்களே. மூணு நாள்ல தோல் பொத்துக்கும். அப்புறம் நடுவுல கரண்ட நிறுத்தும்படி ஆயிடும். அது நல்லதில்ல."

செல்வி தரையைப் பார்த்தாள். தினம் ஆறு மணி நேரம் அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று சுபஸ்ரீக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கதிர் பட்ட தோலில் அந்தக் கோட்டைக் கிழித்தவன்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.]

அன்று வீட்டுக்கு வந்ததும் என் பருத்திச் சட்டைகளில் தொளதொளப்பானதை எடுத்துப் பச்சையம்மாளிடம் கொடுத்தேன். நாளையிலிருந்து ரவிக்கைக்குப் பதில் மருமகள் இதைப் போடட்டும் என்றேன். எங்கள் பக்கம் கரும்பு வெட்டப் போகும் பெண்கள்தான் புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போடுவார்கள். எங்கள் வீட்டில் எவளும் போட்டதில்லை.

"கூலிக்குப் போறவளாட்டம் அனுப்பப் போறியா? சனம் இன்னா பேசும்?"

"பேசட்டும்."

5

மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு முன்னால் மறியல். எங்கள் மக்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு. முன்வரிசையில் நான் இருக்க வேண்டிய மறியல் அது. (1987இல் இதே கோரிக்கைக்காக இருபது நாள் சிறையில் இருந்தவன். கோரிக்கையில் எனக்கு இன்றும் மாறுபாடு இல்லை.)

பேருந்தை நிறுத்தி, என் தம்பி மகன் அய்யனார் ஏறினான்.

"பெரிப்பா, அங்க உங்களத்தான் தேடிக்கினு இருக்கறாங்க. நீங்க இன்னா பஸ்ல குந்திக்கினு? அண்ணி ஏன் சட்ட போட்டுக்கினு கீது, கரும்பு வெட்டவா?"

முன்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

இங்கே நான் கம்பீரமாகப் பேசுவதாக ஒரு வடிவம் உண்டு. நடந்தது வேறு. 'காய்ச்சல்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் செல்வி சொன்னாள்: "எனக்கு மார்புல புத்து, தம்பி. பாண்டிக்குக் கரண்டு வெக்கப் போறோம். தோலு வெந்துக்கினு வருது. அதான் மாமா சட்டய குடுத்தாரு."

பேருந்து முழுக்கக் கேட்டது. என் தலை குனியும் என்று காத்திருந்தேன். குனியவில்லை. அய்யனார் படியில் நின்றபடி வெளியே கத்தினான்: "டேய், இந்த பஸ்ஸ வுடுங்கடா."

6

இரண்டு முடிவுகள் எழுதியிருக்கிறேன். ஒன்றில் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சும் தடையில்லாமல் முடிகிறது. மற்றொன்றில் இருபதாம் நாள் தோல் பொத்துக்கொள்கிறது, ஒன்பது நாள் நிறுத்துகிறார்கள். எது நடந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு தாள்களையும் செல்வியிடம் நீட்டி, எதைப் போடட்டும் என்று கேட்டேன்.

நின்றபடியே படித்தாள்.

"ரெண்டும் வாணாம் மாமா. என் உடம்பு இன்னா ஆச்சின்னு நானே சொல்லிக்கறன்."

தாள்கள் அவளிடமே இருக்கின்றன. நான் திருப்பிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்கள் கச்சிராயபாளையம் வந்து அவளையே கேட்கலாம். அவள் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.