ஒருவழி வால்வு

பைக்கைப் படுக்கப் போடச் சொன்னார்கள். பந்தயத்துக்கு முன்னால் எல்லா வண்டிக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றி, வண்டியை இடது பக்கமாகச் சாய்த்து அப்படியே கிடக்க விடுவார்கள். எங்கிருந்தாவது ஒரு சொட்டு விழுந்தால் வண்டி களத்துக்குள் போக முடியாது. பரிசோதிக்க வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடிதான் பார்த்தார். என் மனைவி ஜெயசித்ரா ஈரச் செம்மண்ணில் முட்டி போட்டு, டேங்க் மூடியிலிருந்து வரும் ஓஸின் வாய்க்குக் கீழே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் அவரா இவளா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"சொட்டல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பரிசோதகர் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. வண்டியை ஓட்டப் போகிற அபி அவளுடைய தம்பி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமையானால் சேற்றில் பைக் ஓட்டுகிறான். போன சாரல் சீசனில் இதே மாதிரி ஒரு களத்தில் வளைவில் சறுக்கி விழுந்தான். விழுந்ததில் ஒன்றுமில்லை, சிராய்ப்பு கூடக் கிடையாது. ஆனால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும் என்பதற்காக மூடியில் ஒரு ஓஸ் இருக்கும் அல்லவா, அது எல்லார் வண்டியிலும் இருப்பதுபோல அவன் வண்டியிலும் வெறுமனே திறந்து கிடந்தது. காற்று போகிற வழியாகப் பெட்ரோல் வந்தது. நேராகச் சூடான சைலன்சரில் ஒழுகியது. அபிக்குத் தொடையிலிருந்து விலா வரைக்கும் வெந்துபோனது.

ஜெயசித்ரா போலீஸ்காரி. குற்றாலத்தில் சீசன் டியூட்டி பார்ப்பவள். அருவியில் வழுக்கி விழுந்தவர்களையும், ரோட்டில் அடிபட்டவர்களையும் முகம் சுளிக்காமல் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியவள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் கட்டு மாற்றும்போது மட்டும் வராந்தாவுக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். தோல் ஒட்டி, நடை திரும்பி, அவன் மறுபடி பைக் பேச்சை எடுத்தபோது அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. சொன்னால் கேட்கிற பயல் இல்லை என்று தெரியும். என்னிடம் வந்தாள்.

"நீங்க மெக்கானிக்குதான? அது வெளிய வராம எதாவது செய்ங்க" என்றாள்.

செய்தேன். மேலகரத்தில் என் பட்டறைக்குச் சீசன் நேரத்தில் நிற்க நேரம் இருக்காது. டேங்கில் மழைத்தண்ணீர் இறங்கி நின்றுபோன கேரளா வண்டிகள் வரிசை கட்டும். அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, மெல்லிசான அலுமினியத் தகட்டில் அவனுக்குப் புது டேங்க் அடித்தேன். மூடியிலிருந்து ஓஸைக் கிளப்பி, ஹேண்டில் நடுவே மேலே ஏற்றி, சேறு அடிக்காமல் முன்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த ஓஸின் நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு ஒருவழி வால்வு. உள்ளே குண்டுமணி போல ஒரு உருண்டை. காற்று உள்ளே போகும், பெட்ரோல் வெளியே வராது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அதைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வாங்கினாள். டேங்க் பக்கத்து நுனியை வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியதே தவிர காற்று போகவில்லை. திரும்ப உறிஞ்சினாள். காற்று வந்தது. மறுபடி ஊதினாள், மறுபடி உறிஞ்சினாள். அடுப்பில் தோசை கருகியது.

"இது என்னைக்காவது வேல செய்யாம போனா?"

"போகாதுட்டி."

"எந்திரந்தான? எங்க ஸ்டேஷன் ஜீப்பு பிரேக்கு புடிக்கும்னுதான் சொன்னாவ."

எனக்கு ரோசம் வந்தது. உருப்படியாக ஒரு வேலை செய்து கொண்டுவந்தால் ஜீப்பையும் பிரேக்கையும் இழுக்கிறாளே என்று, "நம்பலன்னா ஒங்க முருகன்ட்ட போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சொல்லியிருக்கிறாள். பந்தயத்தன்று காலையில் இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் களத்துக்கு வந்தாள். கையில் இலையில் மடித்த சந்தனம். சுந்தரபாண்டியபுரத்துக்கு இந்தப் பக்கம், சூரியகாந்தி போடாமல் விட்ட தரிசில் களம் அமைத்திருந்தார்கள். மேற்கே மலை தெரியவில்லை. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. காலைப் பயிற்சி ஓட்டத்தில் வண்டி ஒரு குறையும் சொல்லாமல் ஓடியிருந்தது. அபி இறங்கி வந்து, "அத்தான், வெண்ண மாதிரி போகுது" என்றான். நான் பேர் கொடுக்கிற மேசைக்குப் போய் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஜெயசித்ரா பொட்டு வைத்து முடித்திருந்தாள். நம்பர் பிளேட்டில் ஒன்று, டேங்கில் ஒன்று, இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொன்று. ஆயுத பூஜைக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் தாராளமாக இருந்தது.

"அக்கா, போதும். இது பைக்கா சப்பரமா?" என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் நான்காவதாக வந்தான், அடுத்த சுற்றில் இரண்டாவதாக வந்தான். களத்தில் ஒரு நீளமான நேர்ப்பாதை உண்டு. அதன் முடிவில் மண்ணைக் குவித்து ஆள் உயரத்துக்கு ஒரு மேடு போட்டிருந்தார்கள். முழு வேகத்தில் ஏறி, காற்றில் பறந்து, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. நானும் அங்கேதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சுற்றில் நேர்ப்பாதையின் கடைசியில் இஞ்சின் ஒரு தடவை இருமியது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. கயிற்றின்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். மேட்டில் ஏறிவிட்டான், பறந்துவிட்டான், இறங்கியும் விட்டான். வளைவில் வேகம் குறைந்தபோது சத்தம் சரியானது. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. டேங்குக்குள் காற்று போகவில்லை. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. மெதுவாகப் போகும்போது கசிகிற பெட்ரோல் போதும், முறுக்கினால் போதாது. முறுக்க வேண்டிய இடமோ அந்த மேடு. மேட்டு நுனியில் இஞ்சின் செத்தால் முன்சக்கரம் குப்புறக் கவிழும். ஆள் முதலில் விழுவான், வண்டி அவன்மேல் விழும்.

என் வால்வு. குண்டுமணி ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு பெருமை பீற்றிக்கொண்ட வால்வு ஒரு காலை நேரம் கூடத் தாங்கவில்லையே என்று என்னை நானே அசிங்கமாகத் திட்டினேன்.

அடுத்த சுற்று. நேர்ப்பாதையின் பாதியிலேயே இருமல் தொடங்கிவிட்டது. அபி கீழே கையை விட்டு பெட்ரோல் டேப்பைத் தடவினான். முஷ்டியால் டேங்கைக் குத்தினான். நான் இரண்டு கையையும் குறுக்கே வீசி நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான். உற்சாகப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டான் போல. மேட்டில் ஏறும்போது இஞ்சின் ஒரு கணம் அடங்கி, மறுபடி பிடித்தது. முன்சக்கரம் தாழ்ந்து, எப்படியோ சமாளித்து இறங்கினான். கூட்டம் விசிலடித்தது.

மேட்டருகே கொடியோடு நின்றவர் நல்லகண்ணு அண்ணாச்சி. அவரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, கொடி காட்டுங்க. இருபத்தேழாம் நம்பர நிறுத்துங்க."

"விழுந்தாத்தாம் கொடி. ஓடுத வண்டிய எப்படிடே நிறுத்த? அவம் ரெண்டாவதுல வாராம்."

திரும்பினால் ஜெயசித்ரா பக்கத்தில் நின்றாள். "ஏங்க, சத்தம் ஏன் மாறுது?"

"டேங்குக்குக் காத்து போகல. ஓஸ் அடச்சிருக்கு."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மோதிர விரலில் சந்தனம் இருந்தது, அது இருக்க வேண்டியதுதான். சுண்டு விரலிலும் இருந்தது. நகக்கண் வரைக்கும், முதல் கணு வரைக்கும் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. பொட்டு வைக்க யாரும் சுண்டு விரலைத் தொடுவதில்லை.

"ஏட்டி ஜெயா, எங்க வச்ச?"

"அந்த ஓஸ் வாயில." என்றாள். "வால்வு கைவிட்டாலும் சந்தனம் புடிச்சி நிக்கும்லா. பெட்ரோல் வெளிய வராதுல்லா. முருகன் பேரச் சொல்லி நல்லா அமுக்கி வச்சேன்."

எது வெளியே வரக்கூடாது என்று அவளுக்கு விளக்கியவன் நான். எது உள்ளே போயே தீர வேண்டும், போகாவிட்டால் என்ன ஆகும் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நெருப்பைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

"இஞ்சின் நின்னுரும், அவ்வளவுதான?" என்றாள். "நின்னா நல்லதுதான?"

"அந்த மேட்டு மேல நின்னா?"

மேட்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பக்கத்து வளைவில் அபியின் வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்டது. நல்ல சத்தம், முழுச் சத்தம். இனி நேர்ப்பாதைதான்.

அவள் கயிற்றைத் தாண்டிவிட்டாள். நான் பிடிக்கக் கையை நீட்டியபோது துப்பட்டாவின் நுனிகூட அகப்படவில்லை. செம்மண் சேற்றில் செருப்பு கழன்று விழ, வெறுங்காலோடு ஓடி, மேட்டுக்கு நல்ல தூரம் முன்னால் பாதையின் நடுவில் போய் நின்றாள். அதற்குப் பிறகு ஓடவில்லை, கத்தவில்லை, கையை வீசவில்லை. ஐந்தருவி ரோட்டில் இறக்கத்தில் வருகிற வேன்களை நிறுத்துவது மாதிரி, உள்ளங்கை தெரிய வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். முதலில் வந்தவன் அவளைப் பார்த்து மிரண்டு, ஒதுங்கி, பக்கத்தில் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனான். அவள் அசையவில்லை. நல்லகண்ணு அண்ணாச்சி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, இரண்டு கொடியையும் சேர்த்து வீசினார். நான்கு பக்கமும் விசில் ஊதினார்கள்.

அபி பிரேக்கை அழுத்தினான். பின்சக்கரம் வாலைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்வதற்கு வெட்கப்படவில்லை. திறந்தபோது முன்சக்கரம் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இஞ்சின் அணைந்திருந்தது. அவள் சட்டையெல்லாம் சேறு, கை இன்னும் மேலேயே இருந்தது.

களத்துக்குள் வெளியாள் நுழைந்ததால் இருபத்தேழாம் எண் வண்டி நீக்கப்படுகிறது என்று மைக்கில் சொன்னார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தோம். அபி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"ஏன்க்கா? ஒனக்கு என்னதான் வேணும்? ரெண்டாவதுல வந்தேன். தெரியுமா ஒனக்கு? ரெண்டாவது!"

அவன் கிக்கரை உதைத்தான், உதைத்தான், வண்டி பிடிக்கவில்லை. சந்தேகம் வந்து டேங்க் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று காற்றை இழுத்தது டேங்க். உள்ளே அமுங்கியிருந்த தகடு டொப்பென்று வெளியே வந்தது. அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"அத்தான். ஒங்க வால்வா?"

நான் தகட்டில் அமுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

"அப்பவே நெனச்சேன். காத்து போகாம அடச்சி வச்சிட்டிய. இன்னும் கொஞ்சம் போயிருந்தா மேட்டுலயே சமாதி." மூடியோடு தொங்கிய ஓஸை இழுத்துப் பிடுங்கினான். "இனிமே இது வேண்டாம். அடுத்த வாரம் சங்கரன்கோவில் பக்கம் ஓட்டம் இருக்கு. தொறந்த ஓஸ்தான் போடுவேன். வெந்தா வெந்துட்டுப் போகுது."

ஆமாம் என் வால்வுதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழியை நான் வாங்கிக்கொண்டால் அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்றும் உடையாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் திறந்த ஓஸோடு வண்டியில் ஏறுவான். உண்மையைச் சொன்னால் வால்வு பிழைக்கும், அவனும் பிழைப்பான், அவள் முகத்தில் அவன் முழிப்பானா என்பது தெரியாது. ஜெயசித்ராவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையாட்டினாள். சொல்ல வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன்.

அவன் ஓஸைத் தூர எறியக் கையை ஓங்கியபோது அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓஸை வாங்கினாள். சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு, தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கைக் கழற்றினாள். ஓஸின் வாய்க்குள் அதை விட்டுக் குடைந்தாள். முதலில் கொஞ்சம் பொடி உதிர்ந்தது. பிறகு விரல் கணு அளவுக்கு ஒரு மஞ்சள் கட்டி வந்து டேங்கின் மேல் விழுந்தது.

அபி அதைப் பார்த்தான். அவள் சுண்டு விரலைப் பார்த்தான். அவன் கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதில் வேறு எதுவும் வரவும் இல்லை.

"நாந்தாம்லே" என்றாள். "அத்தான் செஞ்சது நல்லாத்தான் இருக்கு."

ஓஸின் இன்னொரு நுனியைத் துப்பட்டாவில் துடைத்து அவன் வாயருகே நீட்டினாள். "உறிஞ்சிப் பாரு. காத்து வரும். ஊதிப் பாரு, போகாது. பாத்துட்டு எறி."

சாரல் வலுத்தது. டேங்க் திறந்து கிடப்பது ஞாபகம் வந்து, உள்ளே தண்ணீர் இறங்காமல் அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். என் விரல்களுக்குப் பக்கத்தில் அந்தச் சந்தனக் கட்டி கரைந்து, அலுமினியத்தில் மஞ்சள் கோடாக இறங்கியது. அபி அக்காளின் முகத்தைப் பார்த்தபடியே ஒரு கை கிளவுஸைப் பல்லால் கடித்து உருவினான். நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.