கை தட்டப்பிடாத பாட்டு

எமில்டாவுக்கு ப்ளூஸ் பாட்டும் தெரியாது, கிளூஸ் பாட்டும் தெரியாது. கனடாவில், பார்க்டேலில் ஒரு பாரில் கிளாஸ் கழுவப் போனவள், அவ்வளவுதான். ஆனால் வருசத்தில் ஒரு கிழமை சிக்காகோவிலிருந்து டன்ஸ்பி பிறதேர்ஸ் பாட்டுக்குழு வந்தால் மட்டும் லீவு எடுக்கவே மாட்டாள். காய்ச்சலென்றாலும் பனடோலைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

அண்ணன் லமாருக்கு எலெக்ட்ரிக் கிற்றார், பாட்டும் அவர்தான். தம்பி வெண்டலுக்கு மவுத் ஓர்கன். பேஸுக்கு ஒருத்தர், ட்ரம்ஸுக்கு ஒருத்தர். முப்பது வருசமாக ஒரு வான் வண்டியில் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். ஒரு காலத்தில் ஐயாயிரம் பேருக்கு முன்னால் வாசித்தார்களாம், ஐரோப்பாவெல்லாம் போனார்களாம். பிறகு மண்டபம் சின்னனாகிச் சின்னனாகி, கடைசியில் நாற்பது கதிரை போட்ட இந்தப் பாருக்கு வந்து சேர்ந்துவிட்டது. வெண்டல் அதற்காக ஒருநாளும் முகம் சுழித்ததில்லை. கிளாஸ் கழுவுகிற குசினிக்குள் எட்டிப் பார்த்து, எமில்டாவுக்கென்றே ஒருதரம் ஊதிவிட்டுத்தான் மேடைக்கு ஏறுவார்.

தொண்ணூற்றி நாலாம் ஆண்டு நவம்பரில் வானிலிருந்து மூன்று பேர்தான் இறங்கினார்கள். வெண்டல் சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டாராம்.

சனிக்கிழமை பின்னேரக் கச்சேரியில் சனம் பியரும் கையுமாகக் கதைத்துக்கொண்டேயிருந்தது. லமார் பாதிப் பாட்டில் நிற்பாட்டினார். அதைக்கூட ஒருத்தரும் கவனிக்கவில்லை. என்ன மனுசரப்பா! குசினி வாசலில் நின்ற எமில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காணும், இனி விடுவம்," என்றார் லமார், ட்ரம்ஸ்காரரிடம். "தம்பிக்கெண்டு ஒரு பாட்டு எழுதி வைச்சிருக்கிறன். அதைக் கேக்க ஒரு சனம் இல்லை. வீட்டை போய் கிற்றாரை வித்துப்போட்டு இருக்கப்போறன்."

எமில்டா கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற ஆளா? அடுத்தநாள் மத்தியானம் நகரத்தின் மற்றப் பக்கம், வெக்ஸ்போர்ட்டில், சேர்ச் மண்டபத்தில், அவளுடைய ஊர் ஆக்களின் ஒன்றுகூடல். பாட வரவிருந்த பெடியளுக்கு வைரஸ் காய்ச்சல். "எங்கட ஆக்கள் கேப்பினம். நாளைக்கு வாங்கோ," என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"சரி. இதுதான் கடைசி," என்றார் லமார்.

மண்டபத்தில் முதல் மூன்று பாட்டுக்கும் பிள்ளைகள் பைலா ஆடித் தள்ளினார்கள். ஊர் மன்றத் தலைவர் சீமோன் அங்கிள்கூட மனுசி முறைக்கும்வரைக்கும் இடுப்பை அசைத்தார். பிறகு லமார் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைத் தொடங்கினார். தம்பி, வானில் உன்ரை சீற் வெறுமையாக் கிடக்குது, இன்னும் அதில என்ரை பையை வைக்க மனம் வரேல்லை என்று போகிற பாட்டு. மண்டபத்தில் பாதிப் பேருக்கு அந்த இங்கிலீசு விளங்கியிருக்காது. அழுகை விளங்காமல் போகுமா?

பாட்டு முடிந்தது. ஒருத்தர் கை தட்டவில்லை. ஒரு சின்னப் பெடியன் தட்டப்போக, வேரோனிக்கா அன்ரி அவன் கையைப் பிடித்து அமத்தினா. லமார் அதைப் பார்த்தார். பிறகு கிற்றார் வயரைக் கழற்றிக்கொண்டு பின்கதவால் வெளியே போய்விட்டார்.

எமில்டா திரும்பிப் பார்த்தாள். அழாத ஆள் ஆர் அங்கே? ஊருக்குப் போக வழியில்லாமல் எல்லாருடைய செத்தவீடும் ரெலிபோனில் அல்லவா நடந்து முடிந்தது! ஒப்பாரிக்கு ஆராவது கை தட்டுவார்களா? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, இது அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?

கோட்டும் போடாமல், சாறியோடு, பனிச்சேற்றில் விழுந்தடித்து ஓடினாள். லமார் கிற்றாரை வானுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"கேப்பினம் எண்டு நீ சொன்ன ஆக்கள் இவைதானா?"

"மிஸ்டர் லமார், செத்தவைக்காக அழுதால் நாங்கள் கை தட்டமாட்டம். அது மரியாதையில்லை. அவை கேட்டவை. எல்லாரும் கேட்டவை."

லமார் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "நீ ஆருக்காக அழுறாய்?"

கனடாவுக்கு வந்து ஐந்து வருசம். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"அண்ணனுக்கு," என்றாள். "மரியதாஸ். கடலுக்குப் போனவர், வரேல்லை. செய்தி வந்தநேரம் நான் அழவும் இல்லை. அடுத்தநாள் வேலை இருந்தது."

லமார் கிற்றாரைத் திரும்ப வெளியில் எடுத்தார். மண்டப வாசலில் சீமோன் அங்கிள் நின்றார். செத்தவீட்டில் பிடிக்கிற மாதிரி லமாருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வேரோனிக்கா அன்ரி, அவவுக்குப் பின்னால் மண்டபம் முழுக்க வரிசையாக நின்றது.

அடுத்த நவம்பரிலும் வான் வந்தது. சனிக்கிழமை பின்னேரம், அதே பியர்ச் சனம், அதே கலகல. லமார் மைக்குக்குக் கிட்ட வந்தார்.

"இந்தப் பாட்டு என்ரை தம்பி வெண்டலுக்கும், மரியதாஸ் எண்டொரு மனுசனுக்கும். முடிஞ்சாப்பிறகு ஒருத்தரும் கை தட்டப்பிடாது."

பார் அடங்கிப்போனது. குசினிக்குள் எமில்டா தண்ணிப் பைப்பை மூடினாள். நுரைக்குள் கை கிடந்தபடியே, பாட்டு முடியும்வரைக்கும் அண்ணனுக்காக ஆசைதீர அழுதாள்.